கைப்பிடியிலிருந்து கறுப்புப் பெட்டி வரை: கார் பேட்டரியின் கதை

கார் வைத்திருக்கும் பெரியவர்கள் யாரிடமாவது பேட்டரி பற்றிப் பேச்செடுத்தால், ஆளுக்கொரு சித்தாந்தம் சொல்வார்கள். "மாசம் ஒரு தடவை தண்ணி ஊத்தணும்" என்பார் ஒருவர். "இப்பல்லாம் ஊத்தவே கூடாது" என்பார் இன்னொருவர். "பெரிய ஆம்பியர் போட்டா டைனமோ போயிடும்" என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், மூவர் சொல்வதும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வண்டிக்கு ஓரளவு பொருந்தியிருக்கும். பேட்டரி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. அதனால் எது பழைய காலத்துப் பழக்கம், எது இன்றும் செல்லும் என்று தெரிய, இந்தக் கறுப்புப் பெட்டியின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் பல வருஷம் ஈயத் தகடுகளோடும் ஆசிட்டோடும் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஈயமும் ஆசிட்டும்

1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே என்ற விஞ்ஞானி, இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் ஒட்டாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி வைத்தார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் சேமித்துக்கொள்ளும். தேவைப்படும்போது திருப்பித் தரும். தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை இருந்த பேட்டரிகள் ஒரு தடவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1881-இல் காமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தகட்டின் மேல் ஈய ஆக்சைடைப் பசையாக அப்பினால் பல மடங்கு கொள்ளும் என்று கண்டுபிடித்தார். பிறகு தகடு சல்லடைக் கம்பி போல ஆனது. ஈயம் ரொம்ப மென்மையாக இருப்பதால் அதோடு ஆன்டிமனி கலந்தார்கள்.

இவ்வளவுதான் சங்கதி. இன்று நீங்கள் கடையில் வாங்கும் பேட்டரியும் அடிப்படையில் இதேதான். ஒரு செல்லுக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. முழு சார்ஜில் 12.6 அல்லது 12.7 காட்டும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஒரு கல்லாப்பெட்டி மோட்டார் செய்த மாற்றம்

முதல் கார்களுக்குப் பேட்டரி பெரிய விஷயமில்லை. முன்னால் இருக்கும் துவாரத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும், சில சமயம் உயிரே போகும். கேடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்ததால்தான் அவர் மாற்று வழி தேடினார் என்று ஒரு கதை வழங்கிவருகிறது.

வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன்னால் கடைகளின் கல்லாப்பெட்டியைத் திறக்க மின்மோட்டார் செய்தவர். சின்ன மோட்டாரானாலும் சில விநாடிகளுக்கு மட்டும் என்றால் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பது அவருக்கு அங்கே கிடைத்த பாடம். அதே யுக்தியைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் வருஷ கேடிலாக் காரில் 'செல்ஃப்' வந்தது. காருக்குள் ஒரு நிரந்தர பேட்டரி குடியேறியது அப்போதுதான்.

இதில் ஒரு வரலாற்று விளையாட்டு இருக்கிறது. அந்த நாளில் எலக்ட்ரிக் கார்களும் ஓடிக்கொண்டிருந்தன. பெண்களும் டாக்டர்களும் விரும்பி வாங்கியதற்கு ஒரு காரணம், கைப்பிடி சுற்ற வேண்டாம் என்பது. தாமஸ் எடிசன் எலக்ட்ரிக் காருக்காகவே ஈயத்தை ஒழித்துவிட்டு, நிக்கலும் இரும்பும் கொண்ட பேட்டரி செய்யப் பல வருஷம் பாடுபட்டார். நல்ல பேட்டரி, நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம். சட்டென்று பெரிய கரண்டை அள்ளித் தருவதில் ஈயத்துக்கு ஈடாகவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியதோ அந்த ஒரு குணம்தான். ஆக பெட்ரோல் காரில் செல்ஃப் வந்ததும் எலக்ட்ரிக் காரின் மவுசு குறைந்தது, எடிசன் பேட்டரி வேறு வேலைகளுக்குப் போனது, ஈய பேட்டரி பெட்ரோல் காரில் அரியணை ஏறியது.

கார் பேட்டரியின் குணமே இதனால் அமைந்ததுதான். சில விநாடிகளுக்கு 150, 200 ஆம்பியர் கொடுக்க வேண்டும். பிறகு வண்டி ஓடும்போது உடனே நிரப்பிக்கொள்ள வேண்டும். மெல்ல மெல்ல முழுக்கக் காலி செய்யும் வேலைக்கு அது பிறக்கவில்லை. அதற்கு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வேறு இருக்கிறது. கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் போட்டுச் சிக்கனம் பார்ப்பவர்கள் அதை ஒரு வருஷத்தில் சாகடிப்பது இதனால்தான்.

நம்ம ஊருக்கு வந்தது

இந்தியாவுக்கு பேட்டரி முதலில் இறக்குமதியாகத்தான் வந்தது. இங்கிலாந்தின் குளோரைடு கம்பெனி 1916-இல் இங்கே வியாபாரம் தொடங்கியது. வங்காளத்தில் ஷியாம்நகரில் 1946-இல் தொழிற்சாலை வந்தது. 1947 ஜனவரியில் அசோசியேட்டட் பேட்டரி மேக்கர்ஸ் என்று கம்பெனி பதிவானது. அது 1972-இல் குளோரைடு இந்தியா ஆகி, 1995-இல் எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் ஆனது. எக்சைடு என்ற பெயர் அமெரிக்காவில் 1900-லேயே பிறந்த பழைய பெயர். நம் கிண்டியில் ஸ்டாண்டர்டு பேட்டரீஸ் தொழிற்சாலை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 1998-இல் அதுவும் எக்சைடு கைக்குப் போனது. இந்தப் பக்கம் திருப்பதி அருகே 1985-இல் ராமச்சந்திர நாயுடு கல்லா தொடங்கிய அமர ராஜா, 2000-இல் அமரான் என்ற பெயரில் கார் பேட்டரி விற்க ஆரம்பித்த பிறகுதான் கடையில் நமக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது. போட்டி இல்லாத இடத்தில் விலையும் வாரண்டியும் விற்பவர் வைத்ததே சட்டம்.

1960, 70களில் நம் தெருவில் மூன்றே கார்கள்: அம்பாசிடர், ஃபியட், நம்ம வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது பேட்டரி என்பது ஒரு மாதச் சம்பளத்தைப் பதம் பார்க்கும் செலவு. அதனால் பேட்டரியை யாரும் எறிய மாட்டார்கள். கடினமான கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருக்கும். ஒரு செல் செத்தால் தாரைச் சூடுகாட்டி இளக்கி, அந்த செல்லின் தகடுகளை மட்டும் உருவி, புதுத் தகடு போட்டு, மறுபடி தார் ஊற்றிக் கொடுப்பார்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கமும் இப்படிக் கடைகள் வரிசையாக இருந்தன. நீள பெஞ்சில் பேட்டரிகளைத் தொடராக இணைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவார்கள். குமிழி கொப்பளிக்கும் சத்தமும் மூக்கை எரிக்கும் ஆசிட் வாடையும் தெருமுனை வரை வரும். உங்கள் பேட்டரி சார்ஜில் இருக்கும் வரை ஓட்டுவதற்கு வாடகை பேட்டரி வேறு தருவார்கள்.

காருக்கு மட்டுமா? கரண்ட் வராத கிராமத்தில் பஞ்சாயத்து ரேடியோ பாடியது இதே பேட்டரியில். கல்யாண மைக் செட்டும் தேர்தல் பிரசார வண்டியும் முழங்கியது இதில்தான். சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து, பேட்டரியைக் கட்டி, டவுனுக்கு சார்ஜ் போடக் கொண்டு போன ஆட்களின் வேட்டியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். ஆசிட் தெறித்த அடையாளம்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில் நான் அடிக்கடி உட்கார்ந்து பேசுவதுண்டு. யார் பேட்டரி கொண்டுவந்தாலும் முதலில் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்ப்பார். ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால், "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார், சார்ஜ் ஏறல. டைனமோவைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு செல் மட்டும் படுத்திருந்தால்தான் பேட்டரி மேல் குற்றம். நம் வெயிலுக்கு முழு சார்ஜில் 1240, 1250 என்று காட்ட வேண்டும். விற்பதற்கு முன்னால் சோதிக்கும் அந்த வழக்கம் இன்று பல கடைகளில் இல்லை.

தண்ணீர் போன கதை

தண்ணீர் ஊற்றும் பழக்கம் ஏன் வந்தது? தகட்டில் கலந்த ஆன்டிமனியால். அது தகட்டை உறுதியாக்கியது, ஆனால் சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போவதையும் அதிகமாக்கியது. 1930களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்து பார்த்தார்கள். தண்ணீர் இழப்பு வெகுவாகக் குறைந்தது. கார் உலகத்துக்கு அது வர நாளானது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவு தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத 'ஃப்ரீடம்' பேட்டரியை அறிமுகம் செய்தது. அதே காலத்தில் ரப்பர் பெட்டி போய் லேசான பிளாஸ்டிக் பெட்டி வந்தது. தார் போய், மூடியை உருக்கி ஒட்டினார்கள். தகடு மாற்றும் தொழில் அதோடு முடிந்தது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்ததும், ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

ஆகவே முதலில் சொன்ன சண்டைக்குத் தீர்ப்பு இதுதான். மேலே ஆறு மூடி திறக்கிற மாதிரி இருந்தால் மாதம் ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. மூடி இல்லாமல் சீல் செய்ததாக இருந்தால் அதை நோண்டவே கூடாது. பெரிய ஆம்பியர் போட்டால் டைனமோ போய்விடும் என்பதும் சரியில்லை. இருக்கையில் ஒழுங்காக உட்காரும் அளவில் கொஞ்சம் கூடுதல் கொள்ளளவு இருந்தால் கெடுதல் இல்லை. குறைவாகப் போடுவதுதான் தப்பு.

இன்று கடையில் நிற்கும்போது

இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு இப்போது கடைக்குப் போவோம்.

முதல் கேள்வி, பேட்டரி மாற்றத்தான் வேண்டுமா? பாதி வழக்குகள் இங்கேயே தள்ளுபடியாகும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கிளாம்பை முறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். பிறகு முன்னூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்தால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை ஸ்டார்ட் செய்தபின் பொதுவாக 13.8-இலிருந்து 14.4-க்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறை ஆல்டர்னேட்டரில்; புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் அதே கதைதான். முழு சார்ஜ் ஏற்றியும் மறுநாள் காலை இறங்கிவிட்டால், அல்லது செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அப்போது பேட்டரியின் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

என் அடுக்ககத்தில் ஒருவருக்கு, வண்டி எடுக்கவில்லை என்று போன் செய்ததும் ஒரு கடைக்காரர் ஆள் அனுப்பி, எதையும் பார்க்காமல் புது பேட்டரி மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப் போய்விட்டார். பத்தே நாளில் மறுபடி வண்டி நின்றது. கடைசியில் டிக்கியில் ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பென்ஷனில் ஐயாயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகையா?

இரண்டாவது, அளவு. பழைய பேட்டரியில் 35 ஏ.எச். என்றோ 38பி20எல் என்றோ அச்சடித்திருக்கும். பின்னது ஜப்பானியக் குறியீடு. நடுவில் உள்ள 20 என்பது சுமாராக சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல் அல்லது ஆர், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பது. அது மாறினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வண்டியாக இருந்தால் அதற்கென்று இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற உறுதியான வகை இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் அங்கே சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

மூன்றாவது, தயாரித்த தேதி. ஈய பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகும். சார்ஜ் இறங்கிய நிலையில் நெடுநாள் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் உப்பு கெட்டியாகப் படிந்து, பிறகு கரையாது. பெட்டியில் அச்சடித்த குறியீட்டுக்கு என்ன மாதம், என்ன வருஷம் என்று கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தது நல்லது. மீட்டரை வைத்து 12.5-க்குக் குறைந்தால் வேறு எடுத்துவரச் சொல்லலாம். தள்ளுபடி அதிகம் தருகிறார் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

நான்காவது, வாரண்டி. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் '48 மாதம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பார்த்தால் முதல் 24 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் புது பேட்டரி விலையில் ஒரு சதவீதத் தள்ளுபடி என்று இருக்கும். அந்தத் தள்ளுபடி எம்.ஆர்.பி. மேல். உதாரணத்துக்கு, எம்.ஆர்.பி. 6,000 ரூபாய், கடையில் எல்லாருக்கும் 4,800-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். உங்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்றால் அதே 4,800. வாரண்டி கார்டைப் பத்திரமாக வைத்ததற்கு லாபம் பூஜ்யம்! ஆகவே மொத்த மாதத்தைப் பார்க்காமல் இலவச மாற்று மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 18 மாதம் இலவச மாற்று உள்ள பேட்டரி 4,200 என்றால் மாதத்துக்கு 233 ரூபாய். 30 மாதம் உள்ளது 5,000 என்றால் மாதத்துக்கு 167 ரூபாய். எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. பில்லையும் தேதி போட்டு முத்திரை வைத்த கார்டையும் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

ஐந்தாவது, பழைய பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம்; ஆகவே அது குப்பையல்ல, காசு. பழையது கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆனால் ஐம்பது ரூபாய் கூடத் தருகிறான் என்று தெருவில் வரும் காயலான் கடைக்காரருக்குப் போடாதீர்கள். அங்கிருந்து அது ஏதோ கொல்லைப்புற உலைக்குப் போகும்; ஆசிட்டைத் தரையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இதைத் தடுக்கத்தான் 2001-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, விற்பவர்களே பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கச் சொன்னது. 2022-இல் வந்த புதிய விதிகள் தயாரிப்பாளர்களுக்கே அந்தப் பொறுப்பை வைத்தன. முறைப்படி போனால் அந்த ஈயம் திரும்பவும் பேட்டரியாகிறது.

வெயிலும் சும்மா நிற்பதும்

குளிர்நாட்டுக்காரர்கள் பேட்டரியின் எதிரி பனி என்பார்கள். நமக்கு எதிரி சித்திரை வெயில். வெப்பம் எட்டு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஆகவே நிழலில் நிறுத்துவது பெயிண்டுக்கு மட்டும் நல்லதல்ல. வெளிநாட்டு மகன் "டாடி, எங்க ஊர்ல ஆறு வருஷம் வருதே" என்றால், நம்ம ஊரில் மூன்று நான்கு வருஷம் வந்தாலே மரியாதையான உழைப்பு என்று சொல்லிவிடலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னொரு எதிரி, வண்டியை ஓட்டாமல் வைத்திருப்பது. கடிகாரம், ரிமோட் பூட்டு, அலாரம் எல்லாம் நாம் தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டினால், பேட்டரி முழுக்கத் திரும்பி நிரம்பாது. வாரத்துக்கு ஒரு நாள் அரைமணி நேரம் நல்ல ஓட்டம் ஓட்டுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால், வண்டிக்காரரைக் கேட்டுக்கொண்டு மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது மறுபடி எலக்ட்ரிக் கார் காலம். எடிசன் கண்ட கனவு நூறு வருஷம் கழித்து லித்தியம் வடிவில் வந்திருக்கிறது. ஆனால் அந்த எலக்ட்ரிக் கார்கள் பலவற்றின் பானெட்டைத் திறந்து பாருங்கள். விளக்குக்கும் பூட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்று ஒரு மூலையில் சின்னதாக ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரி உட்கார்ந்திருக்கும். அது செத்தால் பல லட்ச ரூபாய் வண்டி கதவைக்கூடச் சரியாகத் திறக்காமல் அடம்பிடிக்கும். பிளான்டே சுருட்டி வைத்த ஈயத் தகடு இன்னும் ஓய்வு பெறவில்லை!